மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர்

ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "அற்புதம்டா!" என்கிறார் மாமா. உள்ளங்கை அகலத்துக்கு பிலிம். அதில் அத்தைக்குப் பல் கறுப்பு, தலைமுடி வெள்ளை, முகம் அடுப்புக்கரி. "என்னை இப்படிப் பாக்கத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்று அத்தை கேட்பதும் தினசரி நடப்பதுதான்.

மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்முன் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்பார். யாராவது தயங்கினால், "சட்டுனு சொல்லுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்று விரட்டுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஸ்கேனரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு வருடமாக முழிக்கிறார்.

அவருடையது பெட்டி கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத்தான் படமெடுப்பார். பிலிம் கழுவுவது குளியலறையில். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் குளியல் கிடையாது. கழுவியதைப் படமாக்கத்தான் ஸ்கேனர். காகிதத்துக்கான மெஷின் பிலிமுக்கு உதவாது. வெளிச்சம் பிலிமை ஊடுருவி வர மூடியிலும் விளக்கு எரிய வேண்டும். மூடி முழுக்க எரிகிற மெஷினின் விலையைக் கேட்டால் கேமராவே மயங்கி விழும். மலிவானதில் நடுவே ஒரு பட்டைதான் எரியும். பெரிய பிலிமைப் பாதி பாதியாக வைத்து எடுத்து, பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒட்டுப் போட்ட படம் எனக்கு வேணாம்டா. அது என்ன கிழிஞ்ச சட்டையா?"

அதைச் சொன்னபோது அவர் சட்டையின் அக்குளில் அத்தை போட்ட ஒட்டு இருந்தது. சுட்டிக்காட்டினேன். "போடா தடிமாடு" என்றார்.

ஒருநாள் குரலை மாற்றி, "பாதி விலைக்கு ஸ்கேனர் இருக்கு சார்" என்று போன் செய்தேன். விளக்கு என்ன அகலம், கண்ணாடியில் கீறல் உண்டா, மூடி ஆடுமா என்று குடைந்தெடுத்ததில், ஏமாற்றப் போன நான் போனை வைத்துவிட்டு ஓடினேன்.

இந்த வாரம் அவர் பாடு திண்டாட்டமானது. அவர் மகள், எனக்கு அக்கா, வேலை கிடைத்து ஞாயிறு காலை வெளியூர் கிளம்புகிறாள்.

"நாம மூணு பேரும் சேந்து நிக்கிற படம், நீங்க தினம் தூக்கிப் பாக்குற அந்த நெகட்டிவ் ஒண்ணுதாம்ப்பா. எடுத்துட்டுப் போகணும். பேய் மாதிரி வேணாம், மனுஷங்க மாதிரி வேணும்."

"நல்ல மெஷினா பாத்து..."

"பாத்தது போதும்ப்பா."

அந்தப் படத்துக்கு பட்டனை அமுக்கியது நான்.

சனிக்கிழமை, பழைய மெஷின் விற்கும் கடையிலிருந்து பட்டை விளக்கு ஸ்கேனரைச் சுமந்துகொண்டு வந்தார். முதல் பாதியில் அத்தையும் அக்காவும், வெள்ளைப் பல்லோடு. "அட, நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்றாள் அத்தை. இன்னொரு பாதியில் மாமா, யாரோ தள்ளி நிற்கச் சொன்ன மாதிரி தனியாக. கை மட்டும் எல்லை தாண்டிப்போய் அக்காவின் தோளில் இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒட்ட அவருக்குத் தெரியாது; என்னைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டையும் அச்செடுத்து டேப் போட்டு ஒட்டினார். கொஞ்சம் நகர்ந்துவிட்டதில் ஒரே கையில் இரண்டு மணிக்கட்டு.

"ஒரு கைக்கே ரெண்டு வாட்ச் கட்டலாம் மாமா!"

அவர் திட்டவில்லை.

"குடுப்பா, பையில வைக்கணும்" என்று அக்கா கை நீட்டினாள். மாமா கொடுக்காமல், தன் கையும் அவள் தோளும் சேரும் இடத்தில் நன்றாகவே ஒட்டியிருந்த டேப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.