விரிசல் விட்ட சுவரும் வெளியூர் சர்வரும்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் மேல் விளிம்பில் விரிசல் விட்டிருப்பதாக மேனேஜர் போன் செய்தபோது, மழை அப்போதுதான் விட்டிருந்தது. அதன் கீழுள்ள பாறைச் சுவர் நகர்கிறதா என்று உடனே தெரியவேண்டும் என்றார். கீழே பொக்லைனும் லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்து, சுரங்கத்தை அளந்து கொடுப்பது எங்கள் தொழில். பெரம்பலூரில் சின்ன ஆபீஸ். அப்போது நானும் நசீமாவும் மட்டும். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாகக் கோத்து மேடுபள்ளம் கணக்கிட எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் முழுதும் ஆகும். கரண்ட் போனால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு யுபிஎஸ்ஸைக் கம்ப்யூட்டருக்கே விட்டுவிடுவோம். வியர்வையில் நனைந்தபடி டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிய அந்தப் பகல்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று அதற்கு நேரமில்லை. சுரங்கத்துக்குப் போய்ப் படமெடுத்து முடித்ததும் நசீமா சொன்னாள்: "அக்கா, நம்ம மெஷினுக்கு இது தாங்காது. வெளியூர் சர்வருக்கு அனுப்பிடலாம். அங்க பெரிய மெஷின், சீக்கிரம் முடிஞ்சிடும்."

சுரங்கத்தில் சிக்னல் இல்லை. அரியலூர் டவுனை நெருங்கியதும் காரை ஓரமாக நிறுத்தி, மடியில் லேப்டாப்பை வைத்து அனுப்பத் தொடங்கினோம். படங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்துதான் போயின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், ரிசல்ட் வர லேட்டாகும். அதுவரைக்கும் கீழ யாரும் இருக்க வேணாம்."

"வேலைய நிறுத்தினா மேல நான்தான் பதில் சொல்லணும் மேடம். ரிசல்ட் வரட்டுமே."

"வர்றதுக்குள்ள சரிஞ்சுட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"சரி, எல்லாரையும் மேல ஏத்திடுறேன்" என்று வைத்துவிட்டார்.

கணக்கு முடிந்து படம் திரும்பி வந்தபோது, போன வாரம் நாங்கள் எடுத்திருந்த அளவோடு ஒப்பிட்டதில் விளிம்பு நெடுகச் சிவப்பாக இருந்தது. சுவர் நகர்ந்திருந்தது. நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜருக்கு அனுப்பிவைத்தோம்.

அன்று சாயங்காலமே சுவர் சரிந்தது. ஸ்டார்ட் ஆகாமல் கீழேயே விட்டுவந்த ஒரு பொக்லைன் மண்ணுக்குள் போனது. மேனேஜர் போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "எல்லாரும் மேலதான் இருக்காங்க மேடம்."

அதன் பிறகு எல்லாக் கணக்கும் வெளியூர் சர்வரில்தான் ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரை விற்றுவிட்டோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கணக்கு எந்த ஊரில் வேண்டுமானாலும் ஓடட்டும். விடை வரும்வரை கீழே இருப்பவர்களை மேலே வரச்சொல்வது நம் வேலை.