மிளகாய் அள்ளப் போன வைத்தியன்

இன்று காலை திருச்சுழி பஸ்ஸில் ஹெட்போன் மாட்டாமல் வாய்ஸ் மெசேஜைப் போட்டுவிட்டேன்.

"ஏலே, அன்னைக்கு நீ பாதியில ஓடுனதுல நாங்க நாலு பேரும் செத்துப்போனோம். போகட்டும். இன்னைக்குச் சாயங்காலம் வாரியா, இல்லையா? ஒன் எடத்துல இன்னும் துண்டு போட்டுத்தேன் வச்சிருக்கோம்."

பேசியது குவைத்தில் இருக்கும் என் நண்பன் காதர். ஆன்லைன் கேமில் எங்கள் அணித்தலைவன்.

பக்கத்து சீட்டு அக்கா கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "செத்துப்போனவுகளா தம்பி பேசுறாக?"

விளக்கினேன். அந்த கேமில் நான் வைத்தியன். அடிபட்டவர்களுக்கு உயிர் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு, டிராகனோடு சண்டை உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஊர் பரளச்சியில் திடீர் மழை. எங்கள் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. போனைப் போட்டுவிட்டு அள்ள ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் நால்வரும் காலி. வெட்கத்தில் அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "மொளகா நனஞ்சிருச்சா?"

"இல்லக்கா."

"அப்பறம் என்ன? இதச் சொல்லுறதுக்கு என்ன வெக்கம்?"

காதருக்கு அப்படியே சொல்லி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"கூறுகெட்டவனே, அன்னைக்கே சொல்லியிருந்தா டிராகன விட்டுட்டு நாங்களும் மொளகா அள்ள வந்திருப்போமேலே!"

சாயங்காலம் போகிறேன்.

பரளச்சிக்காரர்களே, இன்று மழை வருமா? பார்த்துச் சொல்லுங்கள். இந்த வருட மிளகாய் களத்தில்தான் கிடக்கிறது.