ரயில் பாட்டின் இரண்டாம் அடி

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டும் பாடுகிற மெக்கானிக். மகள் இறந்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது. ஒன்பது வயது, மூன்றே நாள் காய்ச்சல். பட்டப்பெயர் மட்டும் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டது.

ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது அப்பாவும் மகளும் ஒரு பழைய ரயில் பாட்டைப் பாடுவார்கள். முதல் அடி அவருக்கு, இரண்டாம் அடி அவளுக்கு. "நேரமாச்சு, கச்சேரிய அப்புறம் வெச்சுக்கலாம்" என்று வாசலில் நின்று விரட்டுவதுதான் அம்மாவின் பங்கு. அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். எட்டரைக்குள் மிஷினில் உட்கார வேண்டும்.

மகள் போய் ஏழு வருடம் கழித்து, டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "பேச முடியாதவங்களுக்குக்கூட சில சமயம் பாட்டு வரும். இவருக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பாட்டே தெரியாது" என்றாள் மனைவி.

இரண்டு வாரம் சென்று, முகம் துடைத்துவிடும்போது அவரே அந்த ரயில் பாட்டைப் பாடினார். ஒரு சொல்கூடக் குழறவில்லை. முதல் அடியோடு நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஈரத்துண்டால் அவர் வாயைப் பொத்தினாள். "இது மட்டும் வேணாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவரிடம் வேறு சொல் இல்லை. தாகத்துக்கும் அந்த அடிதான், வலிக்கும் அந்த அடிதான்.

பார்க்க வந்த நாத்தனார், "அண்ணன்தான் வாயத் திறந்துட்டாரே, இன்னும் ஏன் அண்ணி உம்முனு இருக்கீங்க?" என்றாள்.

"உங்கண்ணன் தண்ணியா கேக்கறாரு? புள்ளையக் கேக்கறாரு. நான் எங்கேருந்து கொண்டாரது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஒரு மணி நேரமாக நிறுத்தவேயில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டாம் அடியைப் பாடினாள். ராகம் எங்கேயோ போயிற்று, பாதியில் வார்த்தையும் மறந்தது. அவர் இடது கையால் மெத்தையைத் தட்டினார். "பாப்பா" என்றார்.

அவள் உடைந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. 'அப்பா வர்ற வரைக்கும் நீ பாடும்மா'ன்னு கேட்டா. பேசாம தூங்குடின்னு அதட்டிட்டேங்க. அப்புறம் அவ கண்ணே தொறக்கல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றும் பாடவில்லை, மறுநாளும் பாடவில்லை. தாகம் எடுத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். மூன்றாம் வாரம் மறுபடியும் பக்கவாதம் வந்து போய்ச் சேர்ந்தார்.

"மூளையில பாட்டு வர்ற இடமும் அடைச்சிருக்கும்மா. நீங்க சொன்னதால இல்ல" என்றாள், நடந்ததை அவள் சொல்லக் கேட்ட பயிற்சிப் பெண்.

"இருக்கும்" என்றாள் அவள். அடுத்த திங்கட்கிழமை காலர் தைக்கப் போனாள். கம்பெனியில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். அதன் சத்தம் அதிகம் கேட்கிற மூலையில் ஒரு மிஷின் காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அங்கேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.