ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்

அந்த வியாழக்கிழமை காலை காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் மெர்சியின் பெயர். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "எப்ப வர்ற கோபி?" என்பாள். இரண்டு மாதமாக அவளிடம் அதே கேள்வி, என்னிடம் அதே சாக்கு. குடியாத்தம் தாண்டும்போது மறுபடியும் அதே பெயர். இந்த முறை எடுத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, "இந்த ஷிப்மென்ட் முடியட்டும் மெர்சி, வந்துட்றேன்" என்றேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல். "அண்ணா, நான் டேவிட். அக்கா போய்ட்டாங்கண்ணா." அவளுடைய தம்பி. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆம்பூரில் இறங்க வேண்டியவன் வாணியம்பாடியில் இறங்கி நின்றேன்.

அவளைப் பற்றி எழுதுங்கள் என்று ஆலை நண்பர்கள் கேட்டபோது முதலில் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஓர் அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. பதினாறு வருடம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில், வா போ என்று பேசிச் சண்டை போட்டவர்கள் நாங்கள். மன்னிக்க வேண்டும், அவள் என்றே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவள் இ.டி.பி. செக்‌ஷன் மெர்சி மேடம். கணினி நின்றுபோனால் ஸ்கூட்டரில் வந்து இறங்குபவள். அவள் செய்த பெரிய வேலை உங்கள் கண்ணில் பட்டிருக்காது. தோல் பதனிடும் இரண்டு டேனரி, மூன்று ஷூ தொழிற்சாலை, ஒரு குடோன், இவ்வளவும் சேர்ந்து ஓடுகிற மென்பொருளின் கட்டமைப்பை வரைந்தவள் அவள்தான். கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்ல கட்டமைப்புக்கு அடையாளம் என்பாள். அப்படியே இருந்துவிட்டுப் போயும்விட்டாள்.

எல்லாம் ஒரு சோற்றுப் பிரச்சினையில் தொடங்கியது. அப்போது எங்களிடம் இருந்தது வெளியிலிருந்து வாங்கிய ஒரே பெரிய மென்பொருள். ஒரு நாள் மெயின் கேட்டில் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. பாஸ் அச்சாகவில்லை, லாரி நின்றது, அதுவரை சரி. ஆனால் கேன்டீனில் சாப்பாட்டு டோக்கனும் வரவில்லை. ஸ்டிச்சிங் பெண்கள் முந்நூறு பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் மெர்சியின் அம்மாவும் இருந்தார். கோளாறைக் கண்டுபிடித்து நாங்கள் சரிசெய்வதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துவிட்டது. மெர்சி அன்று மேனேஜரிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "கேட்ல பிரிண்டர் ரிப்பேர்னா கேன்டீன்ல சோறு ஏன் சார் நிக்கணும்?"

பதிலையும் அவளே வரைந்தாள். கேட் ஒரு பெட்டி, கேன்டீன் ஒரு பெட்டி, தோல் வரவு, கட்டிங், ஸ்டிச்சிங், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் எல்லாம் தனித்தனிப் பெட்டி. புத்தகத்தில் காம்போனென்ட் என்று போட்டிருப்பதை நாங்கள் பெட்டி என்றே சொல்லிப் பழகினோம். ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குள் கையை விடக் கூடாது. வேண்டியதைக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி அந்தக் கடிதங்களை வாங்கி வைத்திருந்து, எதிர்ப்பக்கம் விழித்திருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குத் தபால்காரன் என்று பெயர் வைத்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக உட்கார்ந்து அவள் எழுதியது அந்தத் தபால்காரனைத்தான்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். டேனரியில் அளந்து அனுப்பும் தோல், ஷூ தொழிற்சாலையில் மறுபடி அளந்தால் கொஞ்சம் குறையும். மழைக்காலத்தில் ஜாஸ்தியாகக் குறையும். இரண்டு பக்கத்துக்கும் தீராத சண்டை. நான் புத்திசாலித்தனமாக ஒரு விதி எழுதினேன்: தொழிற்சாலை அளவு வந்தவுடன் டேனரி அளவைத் தானாகவே திருத்திவிடும். மறுநாளே டேனரியில் அளவு பார்க்கும் ரஹீம் பாய் எங்கள் அறைக்கு வந்துவிட்டார். "இன்னாப்பா, நான் அளந்தத உன் மிஷின் அழிக்குது? முப்பது வருசமா தோல் அளக்கறேன், நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்றார். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். மெர்சி அவருடன் கிளம்பிப் போனாள். மூன்று நாள் அளவு மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். திரும்பி வந்து என் விதியைத் தூக்கி எறிந்தாள். "தோலுன்னா ஈரத்துல விரியும், காஞ்சா சுருங்கும். ரெண்டு அளவும் நிஜம். ரெண்டையும் வெச்சுக்க. யாரு பொய்யின்னு தீர்ப்பு சொல்றது உன் பெட்டியோட வேல இல்ல" என்றாள். ரஹீம் பாய் அதற்குப் பிறகு அவளைத் தவிர வேறு யாரிடமும் கணினி பற்றிப் பேசியதில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஏதாவது நின்றுவிட்டது என்று தொலைபேசி வந்தால், "தெரியல. வர்றேன்" என்பாள். அவ்வளவுதான். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள் டிஸ்பாட்ச் நின்றது. மேனேஜர் கத்தினார், எவ்வளவு நேரமாகும், சரியாகிவிடுமா என்று. "தெரியல சார். வர்றேன்." ஏன் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறாய், பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று சொன்னால்தான் என்ன என்று கேட்டேன். "பத்து நிமிசம்னு சொல்லிட்டு நீ இங்கயே உக்காந்துடுவ. எனக்குத் தெரியாது, அதனால போறேன்" என்றாள். அவளைக் கேலி செய்ய நான் அந்த இரண்டு சொல்லை எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. எல்லாப் பெட்டிகளின் பெயரும், எதிரே இரண்டிரண்டு ஆட்களின் பெயரும். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் என்பது அவள் போட்ட சட்டம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு தொழிற்சாலை நிற்கக் கூடாது. அந்தச் சட்டத்தை மீறியது ஒரே ஒரு வரி: தபால்காரன். எதிரே மெர்சி என்று மட்டும் இருந்தது. பக்கத்துக் கோடு காலி. நோய் என்னவென்று தெரிந்து வந்த வாரம் அவளே அதன் முன்னால் போய் நின்றாள். "என் தப்புதான் கோபி. ஒடையவே இல்ல, அதனால யாரும் தெறந்து பாக்கல. நானும் காட்டல. ரெண்டு நாள் வந்து உக்காரு, சொல்லித் தர்றேன்."

நான் உட்காரவில்லை. ஷிப்மென்ட் முடியட்டும் என்றேன். பொங்கல் போகட்டும் என்றேன். ரம்ஜானுக்குப் பிறகு என்றேன். வேலை ஒன்றும் அப்படித் தலைக்கு மேல் போகவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டால், அவள் போகப்போகிறாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு வேலை என்று சொன்னேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது வேலூரில் மருத்துவமனை வராந்தாவில். கையில் டோக்கன் சீட்டு வைத்திருந்தாள். அதன் பின்புறம் சின்னச் சின்னதாகப் பெட்டிகள் வரைந்து, நடுவில் அம்புக்குறிகள் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினாள். நான் வாங்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் பொழைப்பேனா கோபி?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சரியாயிடும்" என்றேன்.

"பத்து நிமிசத்துல ஆயிடுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். டேவிட் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவளை அடக்கம் செய்த அன்று எந்தப் பெட்டியும் நிற்கவில்லை. கேட்டில் பாஸ் அச்சானது, கேன்டீனில் டோக்கன் வந்தது, கன்டெய்னர் கிளம்பியது. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது எனக்கு அதன்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மணி நேரமாவது எல்லாம் நின்றிருக்கக் கூடாதா? ரஹீம் பாய் என் தோளில் கை வைத்தார். "அந்தப் பொண்ணு இல்லாமலும் ஓடுதுன்னா, அப்படித்தானேப்பா கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கும்.

மூன்றாம் நாள் தபால்காரன் நின்றான். கட்டிங்கிலிருந்து போன கடிதம் ஸ்டிச்சிங்குக்குச் சேரவில்லை. அவள் எழுதியதைத் திறந்து பார்த்தேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அந்த டோக்கன் சீட்டு எங்கே என்று டேவிட்டைக் கேட்டேன். அவன் வீடு முழுக்கத் தேடிவிட்டு, இல்லை அண்ணா என்றான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வேறு வழியில்லாமல் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஓடியது. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது, ஏன் ஓடுகிறது என்றும் தெரியாது. மறுபடி எப்போது நிற்கும் என்ற நினைப்போடுதான் தினமும் ரயில் ஏறுகிறேன்.

பலகையைப் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். மற்ற வரிகளில் அவள் பெயரை அழித்து வேறு பெயர் எழுதினேன். தபால்காரன் வரியில் மட்டும் கை வரவில்லை. மெர்சி என்பதை அப்படியே விட்டுவிட்டு, காலிக் கோட்டில் என் பெயரை எழுதினேன். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியும், கேலி செய்த அந்த இரண்டு சொல்லும்தான்.

பலகையில் எழுதி முடித்துப் பேனாவை மூடுவதற்குள் மேசையில் தொலைபேசி அடித்தது. கட்டிங் சூப்பர்வைசர். "சார், மறுபடி நின்னுபோச்சு. சரியாயிடுமா?"

அந்த வராந்தாவில் மெர்சிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவரிடம் சொன்னேன்.

"தெரியல. வர்றேன்."