ஒறம்பரைக்கு விளக்கணைத்த சுலோச்சனா அக்கா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை ஆகப் போகிறது. நம் லேஅவுட் குழுவில் இதைப் போட்டதும் யார் தலைமாட்டிலாவது போன் அடித்துத் தூக்கம் கெட்டால் அந்தப் பாவம் என்னுடையதுதான். பகலில் எழுதலாம் என்றுதான் பதினோரு நாளாகப் பார்க்கிறேன். இரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு பகலில் நாலு வரி எழுத முடிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் வழி சொல்லுங்கள்.

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலையில். மித்ராவுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். கனகராஜ் அண்ணன் கொடுமுடியிலிருந்து கூப்பிட்டார். அவரும் அவர் மனைவி சுலோச்சனா அக்காவும் அங்கே சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள்.

"அம்மணி, உங்க அக்கா நம்மளை உட்டுட்டுப் போயிட்டாளுங்க" என்றார்.

விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் இருந்திருக்கிறார். அறுபதுகூட நிறையவில்லை. நான் கையில் ஸ்பூனோடு அப்படியே நின்றேன். மித்ரா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது நினைவூட்டல். தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம். நம் லேஅவுட்டின் கடைசித் தெருவில், சூலூர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பச்சை கேட் வீடு அவர்களுடையது. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதே, அதைப் பற்றி இங்கே பேசாத வாய் கிடையாது. காளான் வளர்க்கிறார்கள் என்றார் ஒருவர். நாட்டுக்கோழி என்றார் இன்னொருவர். கோழி ஏன் கூவுவதில்லை என்று கேட்டதற்கு, "அதாங்க சந்தேகமா இருக்குது" என்றாராம்.

அது வானத்தைப் படம் பிடிக்கும் அறை. நகரும் கேட்டுக்குப் போடுகிற தண்டவாளத்தையும் சக்கரங்களையும் வாங்கி, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. தள்ளினால் கூரை அப்படியே பின்னால் போய்விடும். உள்ளே ஒரு சின்னத் தொலைநோக்கி, அதில் ஒரு கேமரா. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலான வாயு மேகங்களை, நெபுலா என்கிறார்களே, அவற்றை அக்கா அங்கிருந்துதான் எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அது மெல்ல முகம் காட்டும்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் நியாயமாகப் பார்த்தால் சண்டையில்தான் தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் குடிவந்தபோது மித்ராவுக்கு எட்டு மாதம். என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் இரவு ஷிப்ட். பாம்பு வரும், திருடன் வருவான், குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும் என்று வரிசையாகப் பயந்துகொண்டு, வீட்டைச் சுற்றி எத்தனை விளக்கு உண்டோ அத்தனையையும் விடிய விடிய எரியவிடுவேன். புழக்கடையில் கபடி மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு எல்.இ.டி. வேறு. நாலாம் நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுல கல்யாணமுங்களா?"

"இல்லீங்க அக்கா, பயம்" என்றேன், யோசிக்காமல்.

அக்கா சிரிக்கவில்லை. அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "பொதுவா ஒறம்பரை வந்தா வாசல் லைட்டைப் போடுவோமுங்க. என்ற ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை லைட்டை அணைச்சாத்தான் வருமுங்க. ரொம்பத் தூரத்துல இருந்து கெளம்பி வருது, பாவம்" என்று மேலே கையைக் காட்டினார். விருந்தாளியைத்தான் ஒறம்பரை என்றார் என்று புரிய, திண்டுக்கல் பக்கத்துக்காரியான எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்த நாள் எலெக்ட்ரீஷியனோடு வந்துவிட்டார். கொட்டகைக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே ஒயர் இழுத்து, இரண்டு பக்கமும் ஒரு காலிங் பெல். "ராத்திரி பூரா நான் முழிச்சுத்தான இருக்கேன்? இந்தத் தெருவுக்கே வாட்ச்மேன் நான்தானுங்க. பயமா இருந்தா ஒருக்கா அமுக்குங்க. அவசரம்னா ரெண்டு தடவை. நான் பதிலுக்கு அமுக்குவேன். லைட்டு மட்டும் வேண்டாஞ் சாமி!"

முதல் வாரம் ஓர் இரவுக்குப் பத்து முறையாவது அமுக்கியிருப்பேன். பத்து முறையும் பதில் மணி அடித்தது. பிறகு ஐந்தாயிற்று, இரண்டாயிற்று. பிறகு நான் தூங்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அக்கா தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டுவிட்டு மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாவம், மறந்துவிட்டார் என்று, "அக்கா! மூடி! மூடி!" என்று கத்தினேன். அந்தப் பக்கமிருந்து வந்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"வேணும்னேதாங்க. ஒண்ணுமே இல்லாத இருட்டுலயும் கேமரா சும்மா இருக்காது. புள்ளி புள்ளியா எதையாச்சும் தானாக் காட்டிக்கிட்டே இருக்கும். அதைத் தனியாப் படம் எடுத்து வெச்சுக்கிட்டா, பொறவு நெசமான படத்துல இருந்து கழிச்சுப்போடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களை மாதிரித்தான் அம்மணி. மூடி போட்ட கேமரா நீங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்றிரவு கொல்லையில் ஏதோ சரசரத்தபோது விளக்கைத் தேடிப் போன கை, பாதியில் நின்றுவிட்டது.

நான் செய்த கைங்கரியத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் சீராக வர, அந்தி நேரத்தில் தொலைநோக்கியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி அதையும் படம் எடுப்பார். திருப்பூர் பனியன் துணி. சுவர்மேல் கிடந்த அதை, உதவியாக இருக்கட்டுமே என்று துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தேன். நீலம் ஒரு பக்கம் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாரும் வேட்டிக்கு நீலம் போடுவாங்க. வானத்துக்கே நீலம் போட்டவங்க நீங்க ஒருத்தருதானுங்க."

புதுத் துணி வாங்கிவிட்டார். பழையதை எறியவில்லை, கேமராவைத் துடைக்க வைத்துக்கொண்டார்.

நூல்தான் அக்காவின் தொழில். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு நூற்பாலையின் தரச்சோதனைக் கூடத்தில் இருந்தவர். கறுப்புப் பலகையில் வெள்ளை நூலை வரிசையாகச் சுற்றி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பார்களாம். "அதே வேலைதான் இதுவும். பலகை கொஞ்சம் பெருசு" என்பார். கடைசி இரண்டு வருடமாக அவர் எடுத்துவந்த நெபுலாவும் நூல் மாதிரியே இருப்பதுதான். ரிஷப ராசிப் பக்கம், என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். சிவப்பு இழைகளாக, பூனை கலைத்த நூல்கண்டு போல இருக்கும். 'சிக்கு நூல்' என்று பெயர் வைத்திருந்தார். ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம் என்பதால் நாலு துண்டாகத்தான் எடுக்க முடியும். சூலூர் விமானப்படை விமானம் ஒன்று குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போனால், மேலே பார்த்து, "போங்க கண்ணு, பத்திரமாப் போங்க" என்று கையசைத்துவிட்டு அந்தப் படத்தை அழிப்பார்.

போன மார்கழியில், வானம் துடைத்துவிட்டது போல இருந்த ஓர் இரவில், மித்ராவுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. நான் இருந்த எல்லா விளக்கையும் போட்டேன், மணியை இரண்டு முறை அமுக்கினேன். பதில் மணி அடிக்கவில்லை. அதற்குள் அக்காவே வாசலில் நின்றார், கையில் கார் சாவியோடு. "மித்ராக் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, ஏறுங்க." காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மூவரும் நல்லபடியாகத் திரும்பியபோதுதான் பார்த்தோம். கூரை திறந்தபடியே கிடந்தது. தொலைநோக்கி பனியில் தொப்பலாக நனைந்திருந்தது. நான் அழுதேன். அக்கா அந்த நீலத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ஒறம்பரை நாளைக்கும் வருமுங்க" என்றார்.

விடியலில் கூரையைச் சாத்திவிட்டு, சுவருக்கு மேல் தினமும் ஒரே வார்த்தை சொல்வார்: "போயிட்டு வாரேனுங்க அம்மணி, நைட் ஷிப்ட் முடிஞ்சுது."

இன்றிரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு மேல் கொல்லையில் ஏதோ சத்தம். பழைய பயம். கை பழக்கத்தில் மணியை அமுக்கிவிட்டது. அமுக்கிய பிறகுதான் நினைவு வந்தது, அந்தப் பக்கம் யாரும் இல்லையே என்று.

பதில் மணி அடித்தது.

சுவரோரம் ஓடினேன். கொட்டகைக்குள் கனகராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு நோட்டு.

"பயமுங்களா அம்மணி?" என்றார்.

"ஆமாங்க அண்ணா."

"எனக்குந்தான். கொட்டகையில அவ இல்லாம ஊட்டுக்குள்ள தூங்கிப் பழக்கமில்லீங்க."

நோட்டைச் சுவருக்கு மேல் நீட்டினார். மில்லில் எழுதுவது போலவே அக்கா ஒவ்வொரு இரவையும் எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பப் பக்கங்களில், 'ரிஜெக்ட். காரணம்: பக்கத்து ஊட்டு அம்மணி.' திரும்பத் திரும்ப நான்தான். பிறகு ஒரு நாள், 'அம்மணி லைட் ஆஃப். பாஸ்.' கீழே இரண்டு கோடு. அந்த மார்கழி இரவுக்கு ரிஜெக்ட் என்று இல்லை. 'விடுப்பு. கண்ணுக்குக் காய்ச்சல்' என்று இருந்தது.

கடைசிப் பக்கத்தில் சிக்கு நூலின் கணக்கு. மூன்று துண்டு முடிந்துவிட்டது. நாலாவதில் பாதி. இன்னும் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் வேண்டும். பங்குனியில் அது மேற்கே இறங்கிவிடும். இப்போது விட்டால் அடுத்த கார்த்திகைதான். அதற்குள் நாற்புறமும் எத்தனை வீடு வருமோ, அண்ணனுக்கு அதுவரை கொட்டகையைத் திறக்க மனம் வருமோ, தெரியாது. அக்காவின் இரண்டு வருட உழைப்பு ஒரு மூலை காலியாகவே நின்றுவிடும்.

நாங்களே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாப் படிகளும் நோட்டில் இருக்கின்றன. கூரை தள்ள அண்ணன். மூடிக்கும் துணிக்கும் நான்; இந்த முறை நீலம் கிடையாது. படங்களை ஒன்றுசேர்த்துத் தர அக்காவின் திருப்பூர் நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

இருட்டுதான் உங்களிடம் கேட்கிறேன். சிவராத்திரியன்று ஊரே வெளிச்சமாக இருக்கும். அதற்கு முந்தின ஐந்து இரவுகள், ஏழரையிலிருந்து பத்து மணி வரை, மொட்டை மாடி விளக்கையும் வாசல் விளக்கையும் அணைக்க முடியுமா? விளக்கு வைக்கும் நேரத்தில் இருட்டு ஆகாது என்று பெரியவர்கள் நினைக்கலாம். சாமி விளக்கு எரியட்டும். அண்ணன் வீட்டிலும் அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு அகல் எரிகிறது, அது எரியத்தான் போகிறது. அக்காவே சொன்னதுதான், "உள்ளாற எரியற விளக்கு என்ற கேமராவுக்குத் தெரியாதுங்க." இந்தத் தெருவிலேயே இருட்டுக்கு அதிகம் பயந்தவள் நான். நான் அணைக்கிறேன். பயமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.

இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே கொட்டகை தெரிகிறது. அண்ணன் கூரையைச் சாத்தவில்லை. வீட்டுக்குள் அகல், வெளியே திறந்த கூரை. ஒறம்பரை வருகிற வழி அப்படியே இருக்கிறது.

போயிட்டு வாங்க அக்கா. ஷிப்ட்டை நாங்க பாத்துக்கறோம்.

மற்றவர்கள் வீட்டு எண்ணைப் போட்டு, முடியும் அல்லது முடியாது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால்தான் தெருவிளக்குக்கும் சங்கத்தில் கேட்க முடியும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.