பிரெஞ்சுக்காரரின் வள்ளத்தில் முன்னிருக்கை

கடை வேலையில் அலுப்பு வந்தால் பின்பக்கம் போய் நிற்கலாம்; வள்ளத்தில் வேலை செய்கிறவள் எங்கே போய் நிற்பது? அமெரிக்காவில் ஒரு பெரிய ஆற்றைத் தேடிப்போன பழங்காலத்துப் பிரெஞ்சுக்காரரின் பயணத்தை, லண்டனில் எட்மண்டன் பக்கத்து ஆற்றில் சனத்துக்கு நடித்துக் காட்டுகிறோம். நான் பாரிசில் இருந்து வந்தவள் என்பதால், முன்னிருக்கையில் இருந்து பிரெஞ்சில் கட்டளை போட என்னை எடுத்தார்கள். கோடை விழா வரைக்கும் என்னை வைத்துப் பார்ப்பார்களாம். சரிவராவிட்டால் கரையில் எல்லாருக்கும் காய்ச்சுகிற கஞ்சிப் பானைதான். வீட்டில் சமைக்கிறது காணாதா? பிள்ளையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை வேலைக்கு ஓடுகிற உங்களுக்கு விளங்கும்.

தேசிக்காய்

புது வள்ளம் இறக்கிய அன்று மாமி ஒரு தேசிக்காய் தந்துவிட்டா. புதுக் காருக்குச் செய்கிற மாதிரிச் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்க, வள்ளத்துக்கு ஏது சில்லு? அடியில் வைத்தேன். வள்ளம் ஒரு வழுக்கு வழுக்கி, எங்கள் தலைவர் ரொஜரையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. அவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார்: "பிரெஞ்சுக்காரர் தேசிக்காய் நசுக்கினதாய் ஒரு புத்தகத்திலையும் இல்லை, சுமதி."

சிவப்புத் தொப்பி

வெயிலில் கம்பளித் தொப்பி, தொளதொளத்த சட்டை, கையில் துடுப்பு. கரையோரம் நடந்து வந்த, செவன் கிங்ஸில் இருக்கிற தெரிந்த அன்ரி ஒருவர் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கும்பிடுவோமென்றால் கையில் துடுப்பு. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை, வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?"

விழா நாள்

கரையில் என் மகள், தகப்பனின் தோளில். காற்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், கட்டியிருந்த வீட்டுப்படகு ஒன்றில் மோத விடப் பார்த்தது. பிரெஞ்சில் "இடப்பக்கம்" என்று கத்தினேன். மாதக்கணக்காய்ப் பழக்கிய சொல், ஒருவரும் அசையவில்லை. வந்த கோபத்தில் எனக்குப் பிரெஞ்சும் போய்விட்டது, இங்கிலிசும் போய்விட்டது. "இடக்கைப் பக்கம் வலியுங்கோடா! என்ன, நித்திரையே?" என்று துடுப்பால் காட்டிக் கத்தினேன். பயத்தில் எல்லாரும் ஒன்றாய் வலித்தார்கள். மயிரிழையில் தப்பினோம். சனம் கை தட்டியது.

வள்ளம் கரைக்கு வந்தது. கஞ்சிப் பானைதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ரொஜர் கிட்ட வந்து மெதுவாய்ச் சொன்னார்: "முன்னிருக்கை உங்களுக்குத்தான். ஆரும் கேட்டால், அது பழைய பிரெஞ்சு எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பழங்காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு ஆறு எங்கே போய் முடியுமென்று தெரியாது, அதனால் போனார்கள். எங்களுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போய்க்கொண்டிருக்கிறோம்.