எந்தக் கானா?

புதுத் தோல் பையை முகர்ந்தால் உங்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு டெபிட், கிரெடிட் தோன்றும். நேற்று மாட்டுங்காவில் மகளுக்குப் பை வாங்கியபோதும் கண்ணை மூடி முகர்ந்துகொண்டு நின்றேன். "மம்மி, லோக் தேக் ரஹே ஹை" என்றாள். ஆட்கள் பார்க்கிறார்களாம்.

தாராவியில், தோல் பட்டறைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் கல்லூரி. மூன்று அறை, ஒரு பால்கனி. பால்கனிக்கு நூலகம் என்று பெயர். மழை வந்தால் நூலகத்தைத் தூக்கி உள்ளே வைப்போம்.

பிரின்சிபால் ஐசக் சார் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு இந்தி எழுத வராது, எங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. (நான் தமிழில் எழுதுவது பிற்பாடு நேர்ந்த விபத்து.) அதனால் அவர் இந்தியைத் தமிழ் எழுத்தில் போர்டில் எழுதுவார்; ஆபீஸ் எஸ்தர் அக்கா வாசித்துச் சொல்வாள். ஞாயிறுகளில் அக்கா சர்ச்சில் பாடுகிறவள்.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஓர் அதிகாரி வரவிருந்தார். அவர் கையெழுத்து விழாவிட்டால் எங்களுக்கு அந்த வருஷம் பரீட்சையே கிடையாது. "ஸாப் கே லியே கானா தையார் ரக்னா" என்று, அதாவது ஐயாவுக்குக் கானா தயாராக இருக்கட்டும் என்று, எழுதிவிட்டு, சார் அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார்.

இந்தியில் மூச்சு விட்டுச் சொன்னால் கானா சாப்பாடு. அழுத்திச் சொன்னால் பாட்டு. தமிழுக்கு இரண்டும் ஒரே கா. அக்கா அழுத்திவிட்டாள்.

வியர்த்து ஏறிவந்த அதிகாரியை உட்காரவைத்துப் பாடினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கானா?" என்றார், நிறைய மூச்சு விட்டு. பம்பாயில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அக்காவுக்கு விளங்கவில்லை. "கேக்காருல்லா, இன்னொண்ணு பாடுங்கட்டி." கொடுக்க எங்களிடம் பாட்டுதான் இருந்தது. பாடினோம்.

வாசலில் சார் பல்லைக் கடித்தார். "ஏம்மா எஸ்தரு, நான் சாப்பாடுல்லா சொன்னேன்?"

"நீங்க எழுதுனதும் கானா, நான் வாசிச்சதும் கானா. இதுல எந்தக் கானா தப்பு சார்?"

யாரோ ஓடிப்போய் வடாபாவ் வாங்கிவந்தார்கள். நாங்கள் மூன்றாவது பாட்டில் இருந்தோம். அதிகாரி வாய் நிறைய வடாவோடு கையை உயர்த்தினார். "பஹலே யே கானா பந்த் கரோ. ஸைன் கர்தா ஹூம்." முதலில் பாட்டை நிறுத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

போட்டார். அந்த அங்கீகாரம் கடைசிவரை போகவில்லை. பிள்ளைகள்தான் போனார்கள், மான்குர்த், காட்கோபர் என்று வீடு மாறி. பிறகு சார் போனார், பட்டறை போனது, கட்டிடமும் போனது. இப்போது அங்கே டவர். அதன் கீழ்மாடிகள் எல்லாம் பார்க்கிங். நான் பி.காம் படித்த அதே உயரத்தில், அந்தரத்தில், யாருடைய காரோ நிற்கிறது.